மனக்கவலையும் மாரடைப்பும்

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிக்குள் நுழைகிறவர் ஊர்ப்பெயர்ப் பலகையைத் தேட வேண்டியதில்லை. காற்றே ஊரின் பெயரைச் சொல்லிவிடும். வாரத்தில் இரு நாள் கூடும் அவ்வூர்ப் பூண்டுச் சந்தைக்குக் கொடைக்கானல் மலைமேலுள்ள பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களிலிருந்து மலைப்பூண்டும், வட மாநிலங்களிலிருந்து லாரி லாரியாக வேறு இரகங்களும் வந்து இறங்குகின்றன. அம்மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் குறியீடு விலையைக் கட்டிப்போடுவதில்லை. விலை ஏறும் என்று வட்டிக்கு வாங்கிச் சரக்கைச் சேமித்தவர், விலை இறங்கும் வாரத்தில் உறங்குவதில்லை. நட்டவருக்கும் அதே கதிதான். பூண்டுக்கு மட்டுமன்று, கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக்கும் வாழைக்கும் இதுவே வரலாறு.

இப்பகுதிக் குடும்பங்கள் பலவும் அறிந்த காட்சி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய குடும்பத் தலைவர் இரவு உணவுக்குப்பின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். வியர்த்துக் கொட்டுகிறது. "வாயுதான், ஒன்றுமில்லை" என்கிறார். மனைவி பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுக்கிறாள். தெருமுனைக் கடையிலிருந்து சோடா வருகிறது. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விளக்கை அணைக்கிறார்கள். சில வீடுகளில் அந்தக் காலை வருவதில்லை. துக்கம் கேட்க வந்தோர் திண்ணையில் அமர்ந்து, "கடன் கவலைதான் மனிதரைக் கொன்றுவிட்டது" என்று பேசிக்கொள்கிறார்கள்.

இவற்றுள் 'வாயு' என்ற சொல் பொய்யானது, உயிரைக் குடிக்க வல்லது. 'கவலை' என்ற சொல்லையோ படித்த மருத்துவர்கள் நெடுங்காலம் புன்னகையோடு ஒதுக்கி வந்தார்கள். கொழுப்பும் புகையிலையும் இரத்தக் கொதிப்பும் அளக்கத்தக்கவை. கவலையை எந்தத் தராசில் நிறுப்பது என்று கேட்டார்கள். ஆனால், கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சி திண்ணைப் பேச்சில் உண்மை உண்டு என்று காட்டியிருக்கிறது. அதைவிட வியப்பு, கவலைக்கும் மாரடைப்புக்கும் நடுவே தூது செல்வது நம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே என்பது.

முதலில் நிறுத்துப் பார்த்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1963ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியை நம் வாசகர் பலர் அறிவர். அங்கே பயின்றவர் கேரளத்துக் கொட்டாரக்கரையைச் சேர்ந்த சலீம் யூசுப். பின்னர்க் கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவ்வறிஞரின் தலைமையில் 'இன்டர்ஹார்ட்' என்னும் பேராய்வு நடந்து, 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியா உட்பட 52 நாடுகளில், முதன்முறை மாரடைப்புக் கண்டவர் ஏறத்தாழ 15,000 பேரையும், அதே வயதினராய் நோயில்லாதவர் ஏறத்தாழ அதே அளவினரையும் ஒப்பிட்டார்கள். எளிதில் அளக்கக்கூடிய ஒன்பது காரணங்களே உலகின் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பொறுப்பு என்று கண்டார்கள். புகையிலையும் இரத்தக் கொழுப்பின் சீர்கேடும் முன்னணியில் நின்றன. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் மன இறுக்கமும் நின்றதுதான் புதுமை. வேலையிலோ வீட்டிலோ ஓயாத இறுக்கத்தில் வாழ்ந்ததாகக் கூறியவர்க்கு ஆபத்து ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. கடும் பண நெருக்கடிக்கும் தனி இடம் இருந்தது. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், பிற நாட்டாருக்கு அது 59ஐ ஒட்டியது என்றும் இவ்வாய்வின் மற்றொரு பகுதி 2007இல் தெரிவித்தது. பெண்ணுக்குத் திருமணம் பேசிக்கொண்டிருக்கும் வயதில், பையனின் கல்லூரிக் கட்டணம் பாக்கியிருக்கும் வயதில், நம்மவர் விழுகிறார்கள்.

இதில் ஒரு குறை உண்டு; அதையும் சொல்லிவிடுவதே நேர்மை. மாரடைப்புக் கண்டு படுக்கையில் கிடப்பவரிடம் "கவலை இருந்ததா?" என்று கேட்டால், இல்லாத கவலையும் நினைவுக்கு வரும். துன்பத்துக்குக் காரணம் தேடுவது மனித இயல்பு. ஆகவே கேள்வித்தாளை மட்டும் நம்பாமல், உடலுக்குள் நடப்பதைக் காண முற்பட்டார்கள்.

மாரடைப்பு எப்படி நேருகிறது என்பதைப் பற்றிய பழைய எண்ணம் வாய்க்கால் தூர்ந்துபோவதைப் போன்றது. முல்லைப் பெரியாற்று நீர் வரும் வாய்க்காலில் வண்டல் படியப் படிய நீர் குறைந்து ஒருநாள் நின்றுவிடுவது போல, இரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்து படிந்து அடைத்துவிடுகிறது என்றே பள்ளிப் புத்தகங்கள் சொல்லின. உண்மை அவ்வளவு எளிதன்று. பல மாரடைப்புகள் பாதிகூட அடைபடாத குழாயிலேயே நேர்கின்றன. அங்கே நடப்பது தூர்வு அன்று, கரை உடைப்பு. குழாயின் சுவருக்குள் புகுந்த கொழுப்பை அந்நியப் பொருளாகக் கண்டு வெள்ளையணுக்கள் படையெடுக்கின்றன. காலில் முள் தைத்த இடம் சிவந்து வீங்குகிறதே, அதே அழற்சி குழாயின் சுவருக்குள் ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. கொழுப்பை விழுங்கிப் பெருத்த அணுக்கள், அப்படிவின் மேலுள்ள மெல்லிய மூடியை அரிக்கின்றன. மூடி கிழிந்தால் இரத்தம் அங்கே உறைகிறது. சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. நம்மைக் காக்கப் பிறந்த படையே கரையை உடைக்கிறது.

இப்படையைக் கவலை எவ்வாறு தூண்டுகிறது? 1936ஆம் ஆண்டில் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்பவர், எலிகளை எவ்வகையில் துன்புறுத்தினாலும், குளிரில் வைத்தாலும், ஓட ஓட விரட்டினாலும், ஒரே மாதிரி மாறுதல்கள் நேர்வதைக் கண்டார். சிறுநீரகத்தின்மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி பெருத்தது. எதிர்ப்பு ஆற்றலுக்கு உறைவிடமான தைமஸ் சுரப்பி சுருங்கியது. மனத்தையும் எதிர்ப்பாற்றலையும் சேர்த்துப் பார்க்கும் வழி அன்று திறந்தது.

இன்று மேலும் தெளிவாகத் தெரிகிறது. ஆபத்தைக் கண்டதும் மூளை அட்ரினலினைப் பாயச் செய்கிறது. இருதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்தம் எளிதில் உறையத் தயாராகிறது, எலும்பு மஜ்ஜையிலிருந்து வெள்ளையணுக்கள் இரத்தத்தில் இறக்கப்படுகின்றன. காட்டுப்பன்றி துரத்தும்போது இது நல்ல ஏற்பாடு; காயம்பட்டால் இரத்தம் உறைய வேண்டும், கிருமி நுழைந்தால் படை ஆயத்தமாய் இருக்க வேண்டும். ஆனால் துரத்துவது வட்டிக்காரர் என்றால்? அந்த ஓட்டம் அரை நாழிகையில் முடிவதில்லை. ஆறு வருடம் தொடர்கிறது. காயமில்லாத உடலில் படை சுற்றித் திரிகிறது. அழற்சியை அடக்கக் கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்பு உண்டு. நாள் முழுதும் அதட்டும் தாயின் சொல்லுக்குப் பிள்ளைகள் காதுகொடாமல் போவது போல, ஓயாது சுரக்கும் கார்ட்டிசாலுக்கு அணுக்கள் செவிசாய்க்காமல் போகின்றன. கவலையில் மூழ்கியவருக்குச் சளி எளிதில் பற்றுவதும், அதே வேளையில் குழாய்ச் சுவரில் அழற்சி கனன்றுகொண்டே இருப்பதும் முரண்பாடு போல் தோன்றினும், இரண்டும் ஒரே குழப்பத்தின் விளைவுகளே.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைப் படமாகவே காட்டியது. அச்சத்தை உணரும் 'அமிக்டலா' என்ற பகுதி, பாதாம் பருப்பு வடிவினது, மூளைக்குள் உள்ளது. 293 பேரின் உடலைப் படமெடுத்து நான்காண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் பின்தொடர்ந்தபோது, யாருக்கு அப்பகுதி மிகுதியாக இயங்கியதோ அவருக்கு எலும்பு மஜ்ஜையும் மிகுதியாக உழைத்தது, இரத்தக் குழாய்களில் அழற்சியும் மிகுந்தது, இருதய நோயும் அதிகம் வந்தது. நோய் கண்டவர் 22 பேரே, சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் அச்சம், மஜ்ஜை, குழாய் என்ற வழித்தடம் உயிருள்ள மனிதரில் காணக்கிடைத்தது.

கவலைக்குக் குறுக்கு வழிகளும் உண்டு என்பதை மறக்கலாகாது. கவலையுள்ளவர் பீடியை ஒன்றுக்கு மூன்றாகப் பற்றவைக்கிறார், மறப்பதற்கென்று குடிக்கிறார், இரத்தக் கொதிப்பு மாத்திரையை மறந்துவிடுகிறார். "மனசு சரியில்லை" என்று மாத்திரையைத் தள்ளி வைப்பது நம் பெண்களிடமும் உள்ள பழக்கம்.

அழற்சியை அடக்கினால் மாரடைப்புக் குறையுமா என்பதே அடுத்த கேள்வி. கொழுப்பைச் சிறிதும் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசி மருந்தை 10,061 நோயாளிகளிடம் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். இருதய நோய் நிகழ்வுகள் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிர்குடிக்கும் தொற்றுநோய்கள் சற்றுக் கூடின. காவல் படையின் கையைக் கட்டினால் திருடன் வரத்தானே செய்வான்? விலையும் எட்டாக்கனி.

இவ்விடத்தில் நம் நாட்டுப் பூ ஒன்று கதைக்குள் வருகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் பயிரிடுகிறார்கள். அதன் விதை வெளிநாடு செல்வது 'கால்ச்சிசின்' என்ற சரக்குக்காக. மூட்டுவாத வீக்கத்துக்கு நெடுநாளாய்ப் பயன்பட்ட அம்மருந்தை மிகச் சிறிய அளவில் இருதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இலும் 2020இலும் வெளிவந்த இரு பெரிய ஆய்வுகளில் பலன் தெரிந்தது. 2023இல் அமெரிக்க அரசின் மருந்து நிறுவனம் இதற்கு ஒப்புதலும் அளித்தது. ஆனால் 2024இல் 7,062 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் ஏதும் காணவில்லை. மருத்துவ உலகம் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: அக்கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. அதைத் தின்று மாண்டவர் நம் மாவட்டங்களில் உண்டு. பூவைக் கண்டு கைவைத்தியம் செய்ய யாரும் முற்பட வேண்டா.

சரி, வடுகபட்டிப் பூண்டின் சேதி என்ன? பூண்டு கொழுப்பைக் கரைக்கும் என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கெட்ட கொழுப்பு ஓரளவு மிகுந்த 192 பேருக்கு வாரத்தில் ஆறு நாள் வீதம் ஆறு மாதம் பச்சைப் பூண்டும், பூண்டு மாத்திரைகளும், வெறும் போலி மாத்திரையும் பிரித்துக் கொடுத்து, 2007இல் முடிவைச் சொன்னார்கள். கெட்ட கொழுப்பில் எந்த மாறுதலும் இல்லை. இரத்தக் கொதிப்பைச் சிறிதளவு குறைக்கிறது என்று வேறு சில ஆய்வுகள் கூறுகின்றன. உணவில் சேர்ப்பதற்குத் தடையில்லை, சுவைக்காகவே சேர்க்கலாம். ஆனால் அது மருந்துக்கு மாற்று அன்று. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் பூண்டை அள்ளி அள்ளி விழுங்குவதற்குமுன் மருத்துவரைக் கேட்பது நலம்; இரத்தக் கசிவு கூடலாம்.

எதிர்ப்பாற்றலும் இருதயமும் பகைத்துக்கொள்ளும் இடங்கள் இன்னும் உள. ஃபுளூ காய்ச்சல் உறுதிசெய்யப்பட்ட ஏழு நாட்களுக்குள் மாரடைப்பு வருவது மற்றக் காலத்தைவிட ஆறு மடங்கு என்று கனடா நாட்டு ஆய்வு 2018இல் காட்டிற்று. முதியோரும் இருதய நோயாளரும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்வது இதனாலேயே. குழந்தைகளின் தொண்டைப் புண்ணும் சாமானியமன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியை எதிர்க்கப் புறப்படும் படை, இருதய வால்வுகளையும் அக்கிருமியாக மயங்கித் தாக்கி, வாழ்நாள் முழுதும் நீடிக்கும் வாத இருதய நோயைத் தந்துவிடுகிறது. நெருக்கமாகப் பலர் படுக்கும் ஏழை வீடுகளின் நோய் இது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை இடையில் நிறுத்தும் பெற்றோர், பிள்ளை ஓடியாடுவதைக் கண்டு ஏமாந்து நிறுத்துகிறார்கள்.

இனித் துக்கம். இங்கிலாந்தில் மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1969இல் வெளிவந்தது. முதல் ஆறு மாதத்தில் அவர்களுள் இறந்தோர் எதிர்பார்த்ததைவிட 40 சதவீதம் அதிகம். பெரும்பான்மைக்குக் காரணம் இருதய நோய். ஜப்பானிய மருத்துவர் 1990இல் விவரித்த மற்றொரு நோயும் உண்டு. பேரதிர்ச்சிக்குப்பின் இருதயத்தின் கீழறை பானை போல் உப்பிச் செயலிழக்கிறது. குழாயில் அடைப்பு ஏதும் இராது. அந்நாட்டு மீனவர் கணவாய்வகை பிடிக்கும் பானையின் பெயரையே அதற்கு இட்டார்கள்: 'தாக்கோட்சுபோ'. நடுவயது கடந்த பெண்களுக்கே இது மிகுதி. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவர். நம் மாநிலத்தில் 2016ஆம் ஆண்டு டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தபோது, அதிர்ச்சியில் இறந்தவர்கள் என நூற்றுக்கணக்கானோர் பட்டியலை அவர் கட்சி வெளியிட்டு, குடும்பத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் வீதம் அறிவித்தது. எல்லாமே அதிர்ச்சியின் விளைவென்று எந்த மருத்துவரும் சான்று தர இயலாது. ஆனால் ஒன்றும் உண்மையாய் இராது என்று சிரிப்பதற்கும் இல்லை.

நம் பங்குகளில் அடக்கத்துக்கு ஊரே கூடுகிறது. முப்பதாம் நாள் திருப்பலியும் நடக்கிறது. அதன்பின் அந்த வீட்டு வாசலை மிதிப்பவர் யார்? மனைவியை இழந்த ஆடவர் மாத்திரையைச் சரியாக உண்கிறாரா, மூன்று வேளையும் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கும் வேலையை வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் அன்பியத்தாரும் எடுத்துக்கொண்டால், அது வெறும் ஆறுதல் சந்திப்பாய் இராது. இரண்டாம் மூன்றாம் மாதமே மிக அவசியமான காலம்.

ஜெபம் இருதயத்தைக் காக்குமா என்று வாசகர் கேட்பது காதில் விழுகிறது. அமெரிக்காவில் இருதய அறுவைச் சிகிச்சை பெற்ற 1,802 பேரில் ஒரு பகுதியினருக்காக முன்பின் அறியாத குழுவினர் ஜெபித்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியாயிற்று. ஜெபிக்கப்பட்டவர்க்கும் ஜெபிக்கப்படாதவர்க்கும் வேறுபாடு இல்லை. "உங்களுக்காக ஜெபிக்கிறார்கள்" என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்க்குச் சிக்கல்கள் சற்றுக் கூடின, "அவ்வளவு மோசமாகவா இருக்கிறேன்?" என்று அஞ்சினார்களோ என்னவோ. இறைவனைப் பரிசோதனைச் சாலைக்குள் நிறுத்தி விடை கேட்பதே முறையன்று என்பது என் கருத்து.

ஆனால், ஜெபிப்பவரின் உடலில் நேர்வதை அளக்கலாம். இத்தாலியில் பாவியா நகரத்து மருத்துவர் பெர்னார்டி குழுவினர், 23 பேரை இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவைத்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். முன்பாதியை ஒருவர், பின்பாதியை மற்றவர் என மாறி மாறிச் சொல்லும்போது, ஒரு மந்திரத்துக்குப் பத்து வினாடி வீதம், மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை இருதயம் உணர்ந்து ஈடுகொடுக்கும் திறன் உயர்ந்தது. யோக மந்திரம் சொன்னபோதும் அதே பலன் கிடைத்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. நம் வீடுகளில் அக்டோபர் மாதத்து ஜெபமாலை ஓடும் வேகத்தில் இப்பலன் எவ்வளவு கிட்டும் என்பது ஐயமே. தொலைக்காட்சித் தொடருக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் ஐம்பது மணியும் ஒரே மூச்சில் உருள்கின்றன.

மனத்துக்குச் சிகிச்சை தந்தால் மறு மாரடைப்புக் குறையுமா என்பதிலும் விடைகள் இரண்டுபட்டே உள்ளன. அமெரிக்காவில் 2,481 பேரிடம் நடந்த ஆய்வில், மனத்தளர்ச்சி குறைந்தது, மரணம் குறையவில்லை. சுவீடனில் 362 பேருக்கு ஓராண்டு குழுவாகப் பயிற்சி அளித்தபோது, இருதய நிகழ்வுகள் பத்துக்கு நான்கு வீதம் குறைந்தன என்று 2011இல் அறிவித்தார்கள். ஒருமுறை ஆலோசனை சொல்லி அனுப்புவதைவிட, ஆண்டு முழுதும் சிலர் கூடியிருந்து பேசியதே வேலை செய்தது போலும். நம்மவருக்கோ மனநல மருத்துவரிடம் போவது இன்னும் மானக்கேடாகத் தோன்றுகிறது. மாரடைப்புக் கண்டு வீடு திரும்பியவர் ஒரு மாதம் கழித்தும் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், அதையும் இருதய மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பிடிவாதமன்று, நோயின் பகுதி.

மீண்டும் அந்த இரவுக்கே வருகிறேன். நெஞ்சின் நடுவே அழுத்தும் வலி, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத்திணறல். நீரிழிவுக்காரருக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டுமே வரலாம். வாயுவா, மாரடைப்பா என்பதை வீட்டில் யாராலும் பிரித்தறிய இயலாது, ஈ.சி.ஜி. படமும் இரத்தப் பரிசோதனையுமே பிரித்தறியும். நடக்கவைக்காமல் உட்காரவைத்து 108ஐ அழையுங்கள். அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில், 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறி உள்ளவருக்கு முதல் மாத்திரைகளைக் கொடுத்தே மேல் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வடுகபட்டியிலிருந்து பெரியகுளத்து அரசு மருத்துவமனை சில கல் தொலைவே; அதற்கும் பெரியதொன்று கானாவிலக்கில், தேனி அரசு மருத்துவக் கல்லூரியோடு இருக்கிறது. அடைபட்ட குழாய்க்குப் பின்னால் இருதயத் தசை நிமிடந்தோறும் மாண்டுகொண்டிருக்கும். பால் காயும் நேரமும் பூண்டு வேகும் நேரமும் அந்தக் கணக்கிலேயே கழிகின்றன.